கேளுங்கள்: கொலுசு பாலிஷ் காசுக்கு ஆகாது

கேள்வி: தாத்தா பெட்டியில் ஒரு வெள்ளிக் காசு, 3.70 கிராம். முன்பக்கம் இலைமாலை சூடிய தலை, அதன்மேல் ஒரு வெட்டு. பின்பக்கம் ஆசனத்தில் அமர்ந்த பெண். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். போடலாமா?
– வாசகர், ஓமலூர்

பதில்: வேண்டவே வேண்டாம். பூந்திக்கொட்டை நீரும் கம்பி பிரஷ்ஷும் கொலுசுக்குச் சரி. நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். அழுத்தித் தேய்த்தால் விரிசல் விடும். திராவகத்தில் முக்கினால் எழுத்து மழுங்கும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, ஒற்றி எடுத்தால் போதும். பிவிசி உறை பச்சை பிடிக்க வைக்கும். ரப்பர் பேண்ட் கறுக்க வைக்கும்.

பெண்ணின் வலக்கையில் நீண்ட கோல், இடக்கையில் மரக்கிளை, சுற்றிலும் ‘பான்டிஃப் மாக்ஸிம்’ (தலைமைப் பூசாரி) என்ற எழுத்து இருந்தால், அது ரோமப் பேரரசர் டைபீரியஸ் (ஆட்சி கி.பி. 14–37) வெளியிட்ட டினாரியஸ் என்ற வெள்ளிக் காசு. அந்தப் பெண்ணை அவர் தாய் லிவியா என்பார்கள். எடையும் பொருந்துகிறது. கி.பி. 64-ல் பேரரசர் நீரோ எடையைக் குறைத்தபின் வந்தவை 3.4 கிராம் அளவுதான்.

தலையில் வெட்டு விழுந்த காசுகள் நம் நாட்டில் நிறையக் கிடைத்துள்ளன. வெட்டின் அடியில் செம்பு நிறம் தெரிகிறதா பாருங்கள். வெள்ளி முலாம் போட்ட போலிகள் அக்காலத்திலேயே உண்டு. உரைகல் வேண்டாம். 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியில் தொடாமல் முழுக்க அமிழ்த்துங்கள். உங்கள் 3.70 கிராம் காசு நல்ல வெள்ளியானால் 0.35 அல்லது 0.36 காட்டும். 0.40-ஐத் தாண்டினால் உள்ளே செம்பு, 0.50-ஐ ஒட்டினால் வெள்ளீய வார்ப்பு. காற்றுக்குமிழி ஒட்டினால் கணக்கு கூடிவிடும். பூஜ்யமாக்கும் முன்பே தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விடுங்கள். விளிம்பில் ஒட்டுக்கோடு ஓடினால் தராசே தேவையில்லை, வார்ப்புப் போலிதான்.

கேள்வி: ரோமானிய வெள்ளிக் காசு ஒன்றில் கேடயத்தோடு நிற்கும் இருவர் யார்? மேலே கரண்டி மாதிரி ஏதோ இருக்கிறதே?
– வாசகர், ஏற்காடு

பதில்: முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் பேரன்கள் கையஸ், லூசியஸ். தத்தெடுத்து வாரிசாக்கினார், லூசியஸ் கி.பி. 2-லும் கையஸ் 4-லும் இறந்துவிட்டார்கள். ‘கரண்டி’ பூசை அகப்பை; பக்கத்திலுள்ள வளைகோல் நிமித்தம் பார்ப்பவருடையது.

கேள்வி: தோட்டத்தில் தோண்டும்போது கிடைத்தால்?
– வாசகர், வாழப்பாடி

பதில்: பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் என்றால் 1878-ம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். பானையோடு இருந்தால் பானையையும் கொடுங்கள், கழுவாமல்.