ஆல்ப்ஸ் ஏரிகளுக்கு நடந்து போவது – கடிதம்

அன்புள்ள வி. அவர்களுக்கு,

சுவிட்சர்லாந்து பற்றி நீங்கள் எழுதியவற்றைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். மகள் சூரிச்சில் வேலை பார்க்கிறாள். வரும் ஆகஸ்டில் நானும் மனைவியும் மூன்று வாரம் அங்கே தங்கப் போகிறோம். எனக்கு 63, அவளுக்கு 58. டூர் போய்வந்த நண்பர்கள் எல்லோரும் யுங்ஃப்ராவ், டிட்லிஸ் என்று இரண்டு பெயர்களைத்தான் சொல்கிறார்கள். மேலே போய்ப் பனியை மிதித்து, போட்டோ எடுத்து, இறங்கிவிடுவது. எனக்கோ மலைமேல் இருக்கும் அந்த நீல ஏரிகளைப் பார்க்க வேண்டும். அதுவும் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். “அதெல்லாம் ஹைக்கிங்ப்பா, உங்களால் முடியாது” என்கிறாள் மகள். இளவயதில் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியவன்தான். இப்போது படி இறங்கினால் முழங்கால் வலிக்கிறது. மனைவி புடவைதான் கட்டுவாள். எங்களைப் போன்றவர்களுக்கு இது சரிப்படுமா? எந்த ஏரிக்குப் போகலாம்? இன்னொன்று, படங்களில் பார்க்கும் அந்த நிறம் நிஜமா, கம்ப்யூட்டர் வேலையா?

ஆர்.கே., கோவை

அன்புள்ள ஆர்.கே.,

நிறம் நிஜம்தான். படத்தில் கொஞ்சம் கூட்டி வைப்பவர்கள் உண்டு, ஆனால் கூட்டத் தேவையே இல்லாத ஏரிகள் அங்கே நிறைய. எல்லாம் பனியாற்றின் வேலை. மலைச்சரிவில் மெல்ல நகரும் பனிக்கட்டி, தன் அடியிலுள்ள பாறையை உரசி உரசி மாவாக்கிவிடுகிறது. மகா நைசான மாவு. உருகிய நீரோடு ஏரிக்கு வந்து சேர்ந்த பிறகும் லேசில் அடியில் படியாது, தண்ணீருக்குள்ளேயே தங்கிவிடும். வெயிலில் உள்ள சிவப்பைத் தண்ணீர் விழுங்கிக்கொள்கிறது. மிஞ்சும் நீலத்தையும் பச்சையையும் இந்த மாவு சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகிறது. கோடையில் பனி அதிகம் உருகும், மாவும் அதிகம் வரும். அந்த வகையில் ஆகஸ்ட் நல்ல மாதம். மாவு அளவுக்கு மீறினால் நீலம் வெளிறிப் பால் கலந்தாற்போல் ஆகிவிடும். செர்மாட் என்ற ஊருக்கு மேலே இருக்கும் மோஸ்யிசே ஏரி அப்படிப்பட்டது.

மேலே பனியாறு இல்லாத ஏரிகள் வேறு ஜாதி. தண்ணீர் தெளிவாக இருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் கருமை தட்டும். காற்றில்லாத காலையில் எதிர்மலை மொத்தமும் அதில் தலைகீழாக நிற்கும். ஆகவே எந்த ஏரி என்று கேட்பதற்கு முன், நிறம் வேண்டுமா பிம்பம் வேண்டுமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நிறத்துக்கு ஓஷினென்சே. பிம்பத்துக்கு பாக்ஆல்ப்சே. உங்கள் இருவருக்கும் இந்த இரண்டே போதும். ஒரே வாரத்தில் பத்து ஏரி என்று யாராவது பட்டியல் கொடுத்தால் வாங்கி மடித்து வைத்துவிடுங்கள்.

ஓஷினென்சே இருப்பது பெர்ன் மாநிலத்தில், கான்டர்ஸ்டேக் என்ற ஊருக்கு மேலே. சூரிச்சிலிருந்து ரயிலில் பெர்ன் வழியாகப் போக இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் 1,176 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏரி 1,578 மீட்டரில். இடையிலுள்ள ஏற்றத்தை கேபிள் கார் பார்த்துக்கொள்ளும். அது இறக்கிவிடும் இடம் ஏரியைவிட நூறு மீட்டர் உயரம். அங்கிருந்து அகலமான பாதையில் அரைமணி நேரம் மெல்ல இறங்கினால் ஏரிக்கரை. மரங்களுக்கு நடுவே முதலில் ஒரு துண்டு நீலம் தெரியும். கரைக்கு வந்ததும் கண் ஏரியில் நிற்காது, மேலே போகும். பாறைச் சுவர் நேராக எழுந்து, 3,600 மீட்டரைத் தாண்டும் புளூம்லிஸாஅல்ப் சிகரங்களில் போய் முடிகிறது. அதாவது ஏரிக்கு மேல் இன்னும் இரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு மலை நிற்கிறது. அங்கிருந்து அருவிகள் விழுகின்றன. தூரம் காரணமாகச் சத்தம் வராது, வெள்ளை நூல்கள் தொங்குவது மட்டும் தெரியும். கேட்பதெல்லாம் மாட்டுமணிதான்.

இந்த ஏரியில் ஒரு விசேஷம் உண்டு. கரையைச் சுற்றித் தேடினாலும் தண்ணீர் வெளியேறும் ஆறு ஒன்றைப் பார்க்க முடியாது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மலை சரிந்து விழுந்து பள்ளத்தாக்கை அடைத்ததில் உண்டான ஏரி இது. சரிந்த கற்குவியலே அணை. தண்ணீர் அந்தக் கற்களின் இடுக்குகளில் கசிந்து, கீழே ஊற்றாக வெளிப்படுகிறது. அதனால் நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் பல மீட்டர் ஏறி இறங்கும். மலை சரிவது பழங்கதை என்றும் நினைத்துவிட வேண்டாம். தென்கரைக்கு மேலே ஷ்பிட்ஸர் ஷ்டைன் என்ற பாறைப்பகுதி சில ஆண்டுகளாகவே நகர்ந்துகொண்டிருக்கிறது. கருவிகள் வைத்துக் கண்காணிக்கிறார்கள். அந்தப் பக்கம் சில பாதைகளை மூடியும் வைத்திருக்கிறார்கள். தடுப்புக் கயிறு கண்ணில் பட்டால், பக்கத்தில் யார் தாண்டிப் போனாலும் நீங்கள் திரும்பிவிடுங்கள்.

மகளுக்குக் கால் துறுதுறுத்தால், கேபிள் கார் நிலையத்திலிருந்து ஹாய்பெர்க் வழியாக மேலே ஒரு சுற்றுப்பாதை இருக்கிறது. ஏரியை மேலிருந்து முழுசாகப் பார்த்தபடி நடந்து, ஓபர்பேர்க்லி போய், கரைக்கு இறங்கி வரலாம். சுமார் மூன்று மணி நேரம் ஆகும். ஓரிடத்தில் பாதைக்குப் பக்கத்திலேயே பள்ளம். உங்களுக்கு வேண்டாம். நீங்கள் இருவரும் கரையில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், அங்கே எல்லோருமே பையில் சாப்பாடு கொண்டுவருகிறவர்கள்தான். உணவகமும் உண்டு. விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் பசி போய்விடும்.

இப்போது மகள் சொன்னதற்கு வருகிறேன். ‘ஹைக்கிங்’ என்றதும் கயிறு, ஆணி, முதுகில் இருபது கிலோ மூட்டை என்று அவர் நினைக்கிறாரோ என்னவோ. அந்த நாட்டில் நடைபாதை என்பது அரசாங்கக் காரியம். 1979இல் வாக்கெடுப்பு நடத்தி, நடைபாதைகளைப் பேணுவதை அரசியல் சட்டத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். குறி போட்ட பாதைகள் மட்டும் 65,000 கிலோமீட்டருக்கு மேல். மூன்று விதக் குறிகள். வெறும் மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை, யாரும் போகலாம். வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை என்றால் மலைப்பாதை, கல்லும் வேரும் செங்குத்தும் இருக்கும், நல்ல ஷூவும் தலை சுற்றாத மனசும் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் கை வைத்து ஏற வேண்டிய இடங்களும் பனியும் வரலாம். நீலப்பட்டையைக் கண்டால் படம் எடுத்துக்கொண்டு திரும்புங்கள். நீங்கள் போகப்போகும் இடங்களில் மஞ்சளை விட்டு விலகாமலே நாளைக் கழிக்கலாம்.

கைகாட்டிப் பலகையில் பெரும்பாலும் தூரம் இருக்காது, நேரம்தான் இருக்கும். ஓஷினென்சே ‘30 நிமிடம்’ என்பது போல. ஏற்ற இறக்கத்தையெல்லாம் கணக்கில் சேர்த்துத்தான் அதைப் போடுகிறார்கள். நம் ஆட்களுக்கு இது பிடித்துப்போகும், ஊரில் நாமும் ‘பத்து நிமிச நடை’ என்றுதானே வழி சொல்கிறோம். ஆனால் அது நிற்காமல் நடப்பவரின் நேரம். மூச்சு வாங்க நிற்பது, போட்டோ, ஷூ நாடாவைக் கட்டுவது எதுவும் அதில் சேராது. நீங்கள் பாதி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணி என்றால் ஒன்றரை.

உங்கள் முழங்கால் சொல்வதை மகள் சொல்வதைவிட நான் நம்புகிறேன். ஏற்றத்தில் மூச்சுதான் திணறும். நின்றால் சரியாகிவிடும். இறக்கம் அப்படியில்லை. உடம்பின் எடையெல்லாம் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் இறங்கும், நின்றாலும் வலி போகாது. டூர் வருகிறவர்கள் செய்யும் வழக்கமான காரியம், போகும்போது கேபிள் காரில் போய்விட்டு, ‘இறக்கம்தானே’ என்று காசை மிச்சம் பிடிக்க நடந்து இறங்குவது. ஓஷினென்சேயிலிருந்து ஊருக்கு நடந்தால் 400 மீட்டர் செங்குத்து இறக்கம். போகவர இரண்டுக்கும் டிக்கெட் எடுத்துவிடுங்கள். வெள்ளியங்கிரிக்கு மூங்கில் தடி எடுத்துப் போயிருப்பீர்கள். அங்கே அதே வேலைக்கு மடக்குத் தடிகள் கிடைக்கும், ஆளுக்கு இரண்டு. கூச்சப்படாதீர்கள், உங்களைவிட இளையவர்கள் எல்லாம் அதோடுதான் நடப்பார்கள். கடைசி கேபிள் கார் எத்தனை மணிக்கு என்பதை ஏறும் முன்பே நிலையப் பலகையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால், நான் வேண்டாம் என்ற அந்த இறக்கத்தைத்தான் நடக்க வேண்டிவரும்.

பாக்ஆல்ப்சேக்கு கிரின்டெல்வால்ட் ஊரிலிருந்து ஃபர்ஸ்ட் என்ற இடத்துக்கு கேபிள் காரில் போக வேண்டும். அங்கேயே 2,168 மீட்டர் உயரம் வந்துவிடும். ஏரி 2,265 மீட்டரில். மூன்று கிலோமீட்டர், நல்ல பாதை, ஒரு மணி நேரம், மொத்தம் நூறு மீட்டர் ஏற்றம். வந்த வழியே திரும்பலாம். ஷ்ரெக்ஹார்ன் சிகரம், 4,078 மீட்டர், தண்ணீருக்குள் தலைகீழாகத் தெரியும். ஆனால் கொஞ்சம் காற்று வீசினாலும் பிம்பம் கலைந்துவிடும், பத்து மணிக்கு மேல் கூட்டமும் சேர்ந்துவிடும். சூரிச்சிலிருந்து காலையில் கிளம்பிப் போனால் பிம்பமும் கிடைக்காது, அமைதியும் கிடைக்காது. முந்தின இரவே கிரின்டெல்வால்டிலோ இன்டர்லாகனிலோ தங்கி, முதல் கேபிள் காரைப் பிடியுங்கள்.

செர்மாட் ஐந்து ஏரிப் பாதையைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். மாட்டர்ஹார்ன் சிகரம் தெரியும், அழகுதான். சூரிச்சிலிருந்து ஒரே நாளில் போய்வருவது வீண் அலைச்சல்.

மகளுக்கு ஒன்று சொல்லுங்கள். சூரிச்சிலிருந்து கிழக்கே, பாட் ரகாட்ஸ் பக்கம், பிட்ஸோல் மலையில் இன்னொரு ஐந்து ஏரிப் பாதை இருக்கிறது. வாங்ஸர்சே, வில்ட்சே, ஷாட்டன்சே, ஷ்வார்ட்ஸ்சே, பாஷல்வாசே. ஒரே நடையில் வெளிர்நீலத்தையும் கருமையையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். பாதை 2,500 மீட்டரைத் தொட்டுவிடும், நாலைந்து மணி நேர நடை, இறக்கம் அதிகம். வில்ட்சேக்கு மேலே பிட்ஸோல் பனியாறு என்று ஒன்று இருந்தது. 2019 செப்டம்பரில் கறுப்பு உடை உடுத்திய ஆட்கள் மேலே ஏறிப்போய் அதற்கு இறுதிச் சடங்கே நடத்தினார்கள். அளக்கக்கூடிய அளவுக்குப் பனி மிஞ்சவில்லை என்று கண்காணிப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2022, 2023 என்ற இரண்டே ஆண்டுகளில் அந்த நாட்டுப் பனியாறுகள் தம் கன அளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன.

பனியாறு போன இடத்தில் பள்ளம் மிஞ்சும், அங்கே தண்ணீர் தேங்கும். 1850க்குப் பிறகு ஆல்ப்ஸின் சுவிஸ் பகுதியில் இப்படி ஏறத்தாழ 1,200 ஏரிகள் புதிதாகத் தோன்றியதாக 2021இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அவற்றில் சுமார் ஆயிரம் இன்னும் இருக்கின்றன. நாம் ரசிக்கும் நீலத்துக்கும் இந்த உருகலுக்கும் உள்ள உறவு எனக்கு எப்போதுமே சங்கடம் தருவது. மேலே பனி அரைப்பது நின்றுபோனால் கீழே மாவு வராது, நிறமும் மெல்ல மாறும். பேரப்பிள்ளைகள் பார்க்கும்போது இதே நீலமாக இருக்காது.

சில்லறை விஷயங்கள். நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 0.6 டிகிரி குறையும். சூரிச்சில் 30 என்றால் பாக்ஆல்ப்சேயில் 19. மேகம் மூடினால் அதற்கும் கீழே. ஸ்வெட்டர், மழைக்கோட்டு இரண்டும் பையில் இருக்கட்டும். ஆகஸ்ட் மாதப் பிற்பகல்களில் இடிமழை சகஜம், அதனால் காலையில் போய் மதியத்துக்குள் திரும்பப் பாருங்கள். டிக்கெட் வாங்கும் முன் மலைமேல் உள்ள கேமரா படத்தை இணையத்தில் பார்த்துவிடுங்கள். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மேகம் மூடி வெறும் வெள்ளையாக இருக்கும், காசு தண்டம். பாதிக் கட்டண அட்டை வாங்கினால் ரயிலுக்கும் பெரும்பாலான கேபிள் கார்களுக்கும் பாதிதான். ஹெலிகாப்டர் மீட்புக்கு 1414. தேவைப்படாது, ஆனாலும் போனில் ஏற்றிவையுங்கள், பயணக் காப்பீட்டில் அந்தச் செலவு அடங்குமா என்றும் கேளுங்கள். மாடுகள் படுத்திருந்தால் சுற்றிப் போங்கள், கன்றைத் தொடவே வேண்டாம். எதிரே வருபவர் வணக்கமாக ‘கிரூசெக்’ என்பார், நீங்களும் சொல்லுங்கள். சூரிச்சில் அது ‘கிரூயெட்ஸி’.

புடவை ஒரு தடையே இல்லை. ஃபர்ஸ்டில் புடவைமேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு அருமையாக நடந்துபோன அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். கொசுவத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டினால் போதும். தகராறு எல்லாம் செருப்பில்தான். அடியில் நல்ல பிடிப்புள்ள ஷூ இருவருக்கும் வேண்டும். அதை அங்கே போய் வாங்காதீர்கள். விலை ஒருபக்கம், புது ஷூ கடிக்கும் என்பது இன்னொரு பக்கம். இப்போதே கோவையில் வாங்கி, இருவரும் தினமும் ரேஸ் கோர்ஸில் நடந்து பழக்கிக்கொள்ளுங்கள். ரேஸ் கோர்ஸ் சமதரை. அதனால் வாரம் ஒருநாள் மருதமலைக்குப் போங்கள். மேலே பஸ்ஸில் போய், சாமி கும்பிட்டுவிட்டு, படியில் இறங்குங்கள். மறுநாள் காலையில் முழங்கால் என்ன சொல்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். அதை வைத்து, ஓஷினென்சே கரையில் எவ்வளவு தூரம் போகலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
வி.