முதலில் காகிதம், அப்புறம் பள்ளிக்கூடம்

தம்பி, உங்கள் கேள்வியை ஊரில் இருந்துதான் படித்தேன். ஆடிப்பெருக்குக்கு வந்தவள் இன்னும் வலங்கைமானில்தான் இருக்கிறேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, என் பையன் படித்துறையில் காலைப் போட்டு உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை, அதனால் சாவகாசமாக எழுத முடிகிறது. மன்னார்குடியிலிருந்து இங்கிலாந்தில் லெஸ்டருக்கு வந்து மூன்று மாதம், மகளுக்கு ஐந்து வயது, ஆட்டிசம், பேச்சு இன்னும் வரவில்லை, ஸ்பெஷல் ஸ்கூலா சாதாரண ஸ்கூலா, உதவி கேட்டால் விசாவுக்கு ஏதாவது வந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விசா பயத்தை இறக்கி வையுங்கள். 'பப்ளிக் ஃபண்ட்ஸ் கிடையாது' என்று உங்கள் விசாவில் இருப்பது டி.எல்.ஏ. (மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு அரசு தரும் பணம்) மாதிரி உதவித்தொகைகளுக்கு. அதற்கு மட்டும் விண்ணப்பித்துவிடாதீர்கள். அரசுப் பள்ளிப் படிப்பும், பள்ளியில் பிள்ளைக்குத் தரும் கூடுதல் உதவியும் அந்தக் கணக்கில் வராது.

ஸ்பெஷலா சாதாரணமா என்றுதான் நாங்களும் தொடங்கினோம், அங்கேயே ஒரு வருடம் போனது. பள்ளிப் பெயர்களை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக போன் போட்டோம். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: 'இ.எச்.சி. பிளான் இருக்கிறதா?' அது இல்லாமல் அரசு ஸ்பெஷல் ஸ்கூலில் பொதுவாக இடம் கிடைக்காது. பிள்ளைக்கு என்னென்ன உதவி தர வேண்டும் என்று எழுதி கவுன்சில் (உள்ளாட்சி அமைப்பு) தருகிற சட்டப்படியான ஆவணம் அது, 2014 சட்டத்தில் வந்தது. (நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு. வேல்ஸ், ஸ்காட்லாந்தில் வழி வேறு.) பள்ளிதான் கேட்க வேண்டும் என்றில்லை, பெற்றோரே கவுன்சிலுக்கு எழுதலாம். மதிப்பீடு செய்வார்களா மாட்டார்களா என்று 6 வாரத்துக்குள் சொல்ல வேண்டும், பிளான் தருவதென்றால் கேட்ட நாளிலிருந்து 20 வாரத்துக்குள் கைக்கு வர வேண்டும். சட்டம் அப்படி, நடப்பில் இழுப்பார்கள். மாட்டோம் என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள், ட்ரிப்யூனலுக்கு (மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்) போகக் கட்டணம் கிடையாது, பெற்றோருக்கு ஆலோசனை சொல்லும் 'சென்டியாஸ்' சேவை எங்கே என்று கேளுங்கள், அவர்கள் இலவசமாக வழி சொல்வார்கள்.

அதுவரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். பக்கத்து பிரைமரியில் சேர்த்துவிட்டு அங்கே சென்கோ (சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைக் கவனிக்கும் ஆசிரியர்) யார் என்று கேட்டு நேரில் பாருங்கள். தஞ்சாவூரில் எடுத்த ரிப்போர்ட்டுகளையும் கொடுங்கள், இங்கிலாந்தில் அப்படியே ஏற்கமாட்டார்கள்தான், ஆனால் கோப்பில் ஏறும்.

பிளானின் வரைவு வந்ததும் எல்லோரும் பள்ளிப் பெயரைத்தான் தேடுவார்கள். அந்த 'ஐ' பகுதி வரைவில் காலியாகத்தான் இருக்கும். பிள்ளைக்கு என்ன உதவி என்று சொல்லும் 'எஃப்' பகுதியைப் படியுங்கள், வரி வரியாக. பேச்சுப் பயிற்சிக்கு 'வாய்ப்பு அளிக்கப்படும்' என்று எழுதியிருந்தால், அது கல்யாண வீட்டில் வாசலில் நின்று 'சாப்பிட்டுட்டுப் போங்க' என்று சொல்கிற மாதிரி, இன்னும் இலை விழவில்லை. வாரம் எத்தனை தடவை, எத்தனை நிமிடம், யார் தருவது என்று எழுதி வாங்குங்கள். கருத்துச் சொல்லவும் எந்தப் பள்ளி வேண்டும் என்று கேட்கவும் குறைந்தது 15 நாள் தர வேண்டும்.

பள்ளி பார்க்கப் போனால் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். நாங்கள் முதலில் பார்த்தது புதுக் கட்டடம், கலர் விளக்கு போட்ட சென்சரி ரூம், கதவைத் திறந்தால் உள்ளே நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அடுத்தது பழைய கட்டடம், பெயிண்ட் உரிந்த சுவர். சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே ஒரு பையன் வரமாட்டேன் என்று தரையில் படுத்திருந்தான், அங்கே வேலை பார்க்கிற ஒரு அம்மா அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து ஊஞ்சல் படம் ஒன்று, தட்டுப் படம் ஒன்று இரண்டையும் நீட்டிக்கொண்டு சும்மா இருந்தார். கையைப் பிடித்து இழுக்கவில்லை, பேசவும் இல்லை. ரொம்ப நேரம் கழித்து அவன் தட்டைத் தொட்டான். கழிப்பறையில் கை உலர்த்தும் மிஷினை அணைத்துவிட்டுக் காகிதத் துண்டு வைத்திருந்தார்கள். என் பையன் அந்தச் சத்தத்துக்கே கழிப்பறைப் பக்கம் போகாதவன். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை, அந்தப் பள்ளியையே எழுதிக் கொடுத்தோம். 'அந்த மாதிரிப் பள்ளியிலா போட்டிருக்கே?' என்று கேட்ட சொந்தக்காரர்கள் யாரும் அவனை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டதில்லை. உங்கள் மகளுக்கு அதுவே சரியென்று நான் சொல்லமாட்டேன், சாதாரணப் பள்ளிக்குள்ளேயே தனிப் பிரிவு வைத்திருப்பார்கள், அதையும் பாருங்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி குழப்பும் என்று ஒரு தெரப்பிஸ்ட் சொன்னதைக் கேட்டு ஒரு வருடம் தமிழை நிறுத்தினோம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு மொழி கெடுதல் செய்வதாக ஆய்வுகள் காட்டவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்த ஒரு வருடம் என் அம்மாவுக்குப் பேரனிடம் போனில் பேச ஒரு வார்த்தைகூட இல்லை. இப்போது படித்துறையில் 'இன்னும்' 'போதும்' இரண்டும் பாட்டியிடம் தமிழில்தான் சொல்கிறான். நீங்கள் மன்னார்குடித் தமிழிலேயே பேசுங்கள்.

திங்கட்கிழமையே கவுன்சிலுக்கு மெயில் போடுங்கள், பதில் வந்ததோ இல்லையோ அனுப்பிய தேதியைக் குறித்து வையுங்கள், 20 வாரத்தை எண்ண அது வேண்டும். வரைவு வந்தால் மகள் பெயரை மறைத்து 'எஃப்' பகுதியை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.