மார்கஸ் ஸ்மார்ட்டை பொயின்ட் கார்டாக (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவராக) நம்பியதால்தானா பொஸ்டன் செல்டிக்ஸ் அணி 2022 NBA கூடைப்பந்து இறுதித் தொடரில் தோற்றது?

இல்லை. காரணங்களில் அதுவும் ஒன்று என்றால் ஒத்துக்கொள்வேன். நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால், என்னைப் போலவே காலை 6.30க்கு அந்த ஆட்டங்களைப் பார்த்துவிட்டு வேலைக்கு ஓடியவர் போலத் தெரிகிறது. கோபம் நியாயம்தான்.

ஸ்மார்ட்டின் குறை ஒன்றுதான். எதிரே நிற்பவனைப் பந்து தட்டியபடியே தாண்டிப் போகும் வேகம் அவரிடம் இல்லை. முதல் ஆளைத் தாண்டினால்தான் இன்னொருவன் உதவிக்கு வருவான், மூலையில் நிற்கும் நம் ஆளுக்கு இடம் கிடைக்கும். ஆனால் அந்த வருடப் பிளேஓஃபில், அதாவது கோப்பைக்கான கடைசிக் கட்ட ஆட்டங்களில், 100 தடவை பந்தை இழந்தது செல்டிக்ஸின் நட்சத்திரம் டேட்டம், ஸ்மார்ட் அல்ல. அதே வருடம் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் ஸ்மார்ட்டுக்குத்தான். 1996இல் கேரி பேட்டனுக்குப் பிறகு அதுவரை கார்டு இடத்தில் ஆடிய எவருக்கும் அது கிடைத்ததில்லை.

இது எனக்கு ஏன் சுடுகிறது என்றால், 2011இல் கொழும்பில் 19 வயதுக்குட்பட்ட பாடசாலை அணியில் நானும் அப்படித்தான் இருந்தேன். எதிரணியில் நன்றாகப் புள்ளி அடிப்பவனை மறிப்பதுதான் என் வேலை. அரையிறுதிக்கு முதல் நாள் எங்கள் பொயின்ட் கார்டுக்குக் கணுக்கால் சுளுக்கிவிட்டது. “தம்பி, நாளைக்கு நீதான் பந்தைக் கொண்டு போகவேணும்” என்றார் சேர். எதிரணி முதல் நிமிடத்திலிருந்தே முழு மைதானத்திலும் இரண்டிரண்டு பேராக வந்து அமுக்கியது. எட்டு விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட முடியாமல் இரண்டு தடவை விசில், பந்து எதிரணிக்கு. பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒரு பழைய மாணவர், “இவனை ஆர் பொயின்ட் கார்டா போட்டது?” என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

இடைவேளைக்குப் பிறகு சேர் எங்கள் உயரமான ஃபோர்வர்டிடம் பந்தைக் கொடுத்துவிட்டு, என்னைப் பழையபடி மறிக்க விட்டார். 17 புள்ளி வித்தியாசம் 6 ஆகக் குறைந்தது. தோற்றோம், ஆனால் அந்த இரண்டாம் பாதியில் நான் ஆடியதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

“2023இல் ஸ்மார்ட்டை மெம்பிஸ் அணிக்கு அனுப்பியதும் 2024இல் கோப்பை வந்ததே” என்று யாராவது கீழே எழுதுவீர்கள், தெரியும். அந்தப் பரிமாற்றத்தில் வந்தவர் போர்ஸிங்கிஸ், ஏழடிக்கு மேல் உயரமானவர். பிறகு ஹொலிடே என்ற கார்டும் வந்தார். ஸ்மார்ட் போனது மட்டும் கோப்பையைக் கொண்டுவரவில்லை.

அப்புறம் இன்னொன்று. அந்த வயதில் பந்து தட்டப் பழக எங்களுக்கு நல்ல தரை இருந்ததா? கிரிக்கெட் பிட்சுக்குத் தார்ப்பாய் வாங்கினார்கள், உருளை வாங்கினார்கள். எங்கள் கொங்கிரீட் தரையின் நடுவிலிருந்த வெடிப்பு, நான் ஏ.எல். பரீட்சை முடித்து வெளியேறும் வரைக்கும் அப்படியே கிடந்தது. பந்து அதில் பட்டால் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. அதனால் அந்த இடத்தைச் சுற்றித்தான் பயிற்சி எடுத்தோம்.