அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோலில் போகும்போது கார் ஏன் திடீரென்று தானாக பிரேக் போடுகிறது?

அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல் என்பது நாம் குறித்துக்கொடுத்த வேகத்தில் காரை ஓட்டி, முன்னால் வண்டி வந்தால் தானே வேகத்தைக் குறைத்து இடைவெளி விடும் வசதி. முன்பக்க கிரில் அல்லது பம்பருக்குப் பின்னால் இருக்கும் ரேடார்தான் பெரும்பாலும் அதன் கண். பல கார்களில் கேமராவும் உண்டு.

ரேடாருக்குத் தூரமும் வேகமும் துல்லியமாகத் தெரியும். எந்த லேன் என்பதில்தான் தடுமாறும். இருட்டில் வளைந்து போகும் வரப்பில் டார்ச்சை நேராகவே பிடித்து நடந்தால், வெளிச்சம் பக்கத்து மரத்தில் விழும் அல்லவா? அப்படித்தான் வளைவு தொடங்கும் இடத்தில், பக்கத்து லேனில் மெதுவாகப் போகும் லாரி நமக்கு நேர் எதிரில் இருப்பதாகக் கணக்காகிவிடும். முன்னால் போன வண்டி திரும்பி முக்கால்வாசி விலகிய பிறகும் நம் கார் வேகம் குறைவது, அதன் பின்முனை இன்னும் ரேடாரில் தெரிவதால்.

அடிக்கடி நடந்தால் பம்பரைச் சந்தேகப்படுங்கள். சின்ன மோதலில் ரேடார் 1 டிகிரி திரும்பியிருந்தாலே, 100 மீட்டரில் பார்வை சுமார் 1.75 மீட்டர் தள்ளிப்போகும். 3.5 மீட்டர் லேனில் அது சரிபாதி! துடைத்தால் போகாது, காலிபிரேஷன், அதாவது ரேடாரின் கோணத்தைச் சரியாக அமைப்பது, செய்தாக வேண்டும்.

பிரேக் விழும் நொடியில் ஆக்சிலரேட்டரை மெல்ல மிதியுங்கள். பெரும்பாலான கார்களில் பிரேக் விடுபடும். வளைவு வருமுன் குரூஸ் கண்ட்ரோலையே கேன்சல் செய்வது இன்னும் நல்லது.

‘சும்மாவே பிரேக் போடுகிறது, நிற்கும் லாரிக்குப் போடாதா?’ என்று பலர் நம்புவது தவறு: பாலம், பெயர்ப்பலகை போன்ற அசையாதவற்றை ஒதுக்கும்படி பல ரேடார்கள் அமைக்கப்பட்டிருப்பதால், வேகத்தில் போகும்போது நிற்கும் வண்டியையும் அது விட்டுவிடலாம்.