எல்க் வேட்டைக்கு நண்பர் அழைக்கிறார்: உரிமம் இல்லாத நான் உடன் செல்லலாமா?

கேள்வி: டென்வருக்கு அருகே வசிக்கும் மென்பொருள் பொறியாளர் நான், எச்-1பி விசாவில் இருக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவர் அக்டோபரில் எல்க் வேட்டைக்குச் செல்கிறார், ஐந்து நாள் உடன் வரும்படி என்னையும் அழைக்கிறார். அவரிடம் உரிமம் இருக்கிறது. என்னிடம் இல்லை, சுடும் எண்ணமும் இல்லை. நான் செல்வது சட்டப்படி சரியா? அவருக்கு எந்த அளவுக்கு உதவலாம்? என்ன ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும்? அவர் தரும் கறியை வீட்டில் சமைக்கலாமா?

பதில்: தாராளமாகச் செல்லலாம். உலகிலேயே மிக அதிக எண்ணிக்கையில் எல்க் மான்கள் வாழும் இடங்களில் முன்னிற்பது உங்கள் மாநிலமான கொலராடோ. அங்கே இலையுதிர் காலத்தில் நண்பரோ உறவினரோ வேட்டைக்காரருடன் வெறுங்கையுடன் செல்வது வழக்கமான ஒன்றுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் விசா விவரம்தான் இந்தப் பதிலின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இதில் இருக்கிறது: நண்பருடைய துப்பாக்கியை நீங்கள் தொடலாமா?

தொடக் கூடாது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாக்களையோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. சொந்தமாக வாங்குவதை மட்டுமல்ல, சிறிது நேரம் கையில் வாங்கிப் பிடிப்பதையும் ‘வைத்திருத்தல்’ என்று கொள்ள இடமுண்டு. இந்தக் குற்றத்துக்கு 15 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அதைவிட, துப்பாக்கி தொடர்பான தண்டனை என்பது நாட்டைவிட்டு வெளியேற்றுவதற்கே தனிக் காரணமாகும். 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு, மாணவர் விசா நிலையை இழந்த வெளிநாட்டு இளைஞர் ஒருவர் புளோரிடாவில் ஒரு சுடுபயிற்சிக் கூடத்துக்குச் சென்று சுட்டதிலிருந்துதான் தொடங்கியது. அவருடைய நிலை வேறு, உங்களுடைய நிலை வேறு. எனினும் இருவரும் வருவது ஒரே சட்டப் பிரிவின் கீழ்தான். அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதாக நீதிமன்றம் சொன்னது, தன் குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதைத்தான். உங்கள் விசா என்ன என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கப் போவதில்லை.

இதில் விலக்கு ஒன்று உண்டு. அமெரிக்க மாநிலம் ஏதேனும் ஒன்று முறையாக வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமத்தை வைத்திருப்பவருக்கு இந்தத் தடை பொருந்தாது. கொலராடோவில் உரிமம் வாங்க வேண்டுமானால், 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அடுத்த ஆண்டு நீங்களே சுட விரும்பினால் அந்த வழியை நாடலாம். அப்போதும் குடியேற்ற வழக்குரைஞர் ஒருவரிடம் முன்கூட்டியே ஆலோசனை பெறுவது நல்லது. இந்த ஆண்டு வேண்டாம் என்பதே என் கருத்து. முயல், அணில் போன்றவற்றுக்கான சிறு விலங்கு உரிமத்தை அவசரமாக வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் கூட்டாட்சித் தடை விலகலாம். எல்க் பருவத்தில் ரைஃபிளுடன் காட்டில் நிற்பதற்கு அது விடையாகாது.

இதை நண்பரிடம் புறப்படுவதற்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், ஏனெனில் நல்ல வேட்டைக்காரர்களின் பழக்கமே உங்களுக்கு எதிராக வேலை செய்யும். கம்பி வேலியைத் தாண்டும்போது துப்பாக்கியை உடன் வருபவரிடம் கொடுத்துவிட்டுத் தாண்ட வேண்டும் என்றுதான் பாதுகாப்புப் பயிற்சியிலேயே சொல்லித் தருகிறார்கள். உங்கள் விஷயத்தில் அவர் தனியாக வந்தவரைப் போல நடந்துகொள்ள வேண்டும்: தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டு, குழல் எதிர்த்திசையைப் பார்க்கும்படி வேலிக்கு அடியில் துப்பாக்கியைக் கிடத்தி, சற்றுத் தள்ளித் தாண்டிப் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். ‘கொஞ்சம் பிடி’ என்று நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். வண்டியில் துப்பாக்கி அவருடைய உறையில், அவருடைய பொறுப்பில் இருக்கட்டும். அவர் கடைக்குள் போகும்போது உங்களைத் துப்பாக்கியுடன் வண்டியில் தனியே விட்டுச் செல்ல வேண்டாம். அவருக்காகத் தோட்டாப் பெட்டி வாங்கித் தருவதும் கூடாது.

அடுத்தது, எந்த அளவுக்கு உதவலாம் என்பது. கொலராடோ சட்டம் வேட்டை என்ற சொல்லைச் சுடுவதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. விலங்கைத் துரத்துவது, ஒலியெழுப்பி ஈர்ப்பது, பதுங்கிப் பின்தொடர்வது, மறைந்து காத்திருப்பது ஆகியவையும் அதில் அடங்கும். ஆயுதமில்லாமல், பார்ப்பதற்கோ படமெடுப்பதற்கோ மட்டுமே ஒருவர் துரத்துவதைத் தவிர மற்றவற்றைச் செய்தால் அது வேட்டையாகாது என்ற விலக்கும் அதே விளக்கத்தில் இருக்கிறது. ஆகவே நண்பருக்காக நீங்கள் ஊதுகுழலில் பெண் எல்க்கின் குரலை எழுப்புவதும், மரக்கூட்டத்துக்குள் புகுந்து மந்தையை அவர் பக்கம் விரட்டுவதும் உரிமமின்றி வேட்டையாடியதாகக் கருதப்படலாம். அவர் பின்னால் நடந்து, பார்த்து, படமெடுத்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட செயல்கள் பற்றி ஐயம் எழுந்தால், கொலராடோ பூங்காக்கள் மற்றும் வனவிலங்குத் துறையின் வட்டார அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

உடை விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ரைஃபிள் பருவத்தில் எல்க் வேட்டையாடுபவர் இடுப்புக்கு மேல் குறைந்தது 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு அல்லது ஒளிரும் இளஞ்சிவப்பு நிறத்தில் அணிந்திருக்க வேண்டும். எல்லாத் திசையிலிருந்தும் தெரியும்படி தலையிலும் அதே நிறம் இருக்க வேண்டும். இந்த விதி வேட்டைக்காரருக்கானது என்றாலும் நீங்களும் அப்படியே அணியுங்கள். ஒரு மேலங்கியும் ஒரு தொப்பியும் போதும், பெரிய செலவில்லை. காட்டில் உங்கள் நண்பரைத் தவிர வேறு வேட்டைக்காரர்களும் இருப்பார்கள், அவர்களுக்கு உங்களைத் தெரியாது. உள்ளாடை முதல் காலுறை வரை பருத்தியைத் தவிருங்கள். வியர்வையில் நனைந்த பருத்தி உடல் வெப்பத்தை உறிஞ்சிவிடும், அக்டோபர் மலையில் பனி பெய்வது அரிதல்ல. காலணி புதியதாக இருந்தால் இப்போதே அணிந்து நடந்து பழகுங்கள். டென்வரின் உயரத்துக்குப் பழகியவர் என்பதால் உங்களுக்குச் சற்று அனுகூலம் உண்டு. ஆயினும் எல்க் நடமாடும் இடங்கள் பலவும் 9,000 அடிக்கும் மேலே என்பதால், விடாத தலைவலியும் குமட்டலும் வந்தால் மறைக்காமல் சொல்லிக் கீழே இறங்குங்கள்.

வேட்டை என்றதும் நீங்கள் எதைக் கற்பனை செய்கிறீர்களோ, அது சில விநாடிகளில் முடிந்துவிடும், அல்லது ஐந்து நாளும் நடக்காமலே போகும். விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து இருட்டில் நடப்பது, காற்றின் திசை மாறுகிறதா என்று பார்த்தபடி அசையாமல் அமர்ந்திருப்பது, ஒன்றும் காணாமல் திரும்புவது ஆகியவைதான் பெரும்பாலான நாட்கள். நண்பர் சுடத் தயாராகும்போது நீங்கள் அவருக்குப் பின்னால் இருக்க வேண்டும், பக்கவாட்டில்கூட முன்னே வரக் கூடாது. காதடைப்பான் கட்டாயம். சுட்டதும் எழுந்து ஓடாதீர்கள். அந்த நொடியில் அவர் அடுத்த தோட்டாவை ஏற்றுவதில் கவனமாக இருப்பார். மான் எந்த மரத்தருகே நின்றது, எந்தப் பக்கம் போனது என்று உங்கள் கண் குறித்துவைத்திருந்தால் அது பெரிய உதவி. அடிபட்ட எல்க் சில நேரம் ஒன்றுமே நடவாதது போல நடந்துபோய் மரங்களுக்குள் மறையும். அதை உடனே துரத்தாமல், அரை மணி நேரமாவது காத்திருந்த பிறகே தடம் பார்த்துச் செல்வது வழக்கம்.

உங்கள் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது, வெளிப்படையாகச் சொன்னால் நண்பர் உங்களை அழைப்பதற்கு உங்கள் முதுகும் ஒரு காரணமாக இருக்கலாம். வளர்ந்த ஆண் எல்க் சுமார் 300 கிலோ எடையிருக்கும். அதை இழுத்து வர முடியாது. விழுந்த இடத்திலேயே தோலுரித்துப் பிரிக்க வேண்டும். பலர் வயிற்றைத் திறக்காமலே செய்கிறார்கள்: ஒருக்களித்துக் கிடக்கும் உடலின் மேற்பக்கத் தோலை முதுகிலிருந்து உரித்து, முன்சப்பையையும் பின்தொடையையும் கழற்றி, முதுகெலும்பை ஒட்டி நீளமாக ஓடும் கறியை எடுத்து, பிறகு உடலைப் புரட்டி மறுபக்கத்தையும் அதே போல் செய்வார்கள். அவர் இடுப்பு மூட்டைத் தேடி வெட்டும்போது பின்காலைத் தூக்கிப் பிடித்துக்கொள்வது உங்கள் பொறுப்பாக இருக்கும். கத்தி இருக்கும் பக்கம் உங்கள் விரல்கள் போகக் கூடாது. இந்த மலைகளில் துப்பாக்கியைவிடக் கத்தியால் காயப்படுவது எளிது. தோல் வெப்பத்தைப் பிடித்துவைத்திருக்கும் என்பதால் தாமதித்தால் தொடை எலும்பை ஒட்டிய கறி கெட்டு நாற்றமெடுக்கும். பிரித்த துண்டுகளைக் காற்றோட்டமான துணிப்பைகளில் இட்டு நிழலில் தொங்கவிட வேண்டும். ஒரு பின்தொடை எலும்போடு 30 கிலோவைத் தொடலாம். அதைச் சட்டகம் வைத்த முதுகுப்பையில் கட்டிக்கொண்டு வண்டிக்கும் மலைக்கும் பலமுறை நடக்க வேண்டியிருக்கும். ஆகவே இன்றே அவரிடம் கேளுங்கள்: வண்டி நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் போகத் திட்டம்? ஓரிரண்டு மைலுக்கு மேல் என்றால், இருவர் போதாது என்று தயங்காமல் சொல்லுங்கள். உண்ணத்தக்க கறியைக் காட்டில் விட்டுவருவது கொலராடோவில் குற்றம்.

கறியை வாங்கிக்கொள்ளலாம், விலை கொடுத்து வாங்கவோ விற்கவோ கூடாது. நண்பரின் பெயர், உரிம எண், எந்த விலங்கு, எவ்வளவு கறி, எந்தத் தேதி என்று எழுதி அவர் கையொப்பமிட்ட சீட்டு ஒன்று உங்களிடம் இருக்கட்டும். சமைப்பதற்கு முன் ஒன்று. மான் இனங்களைத் தாக்கும் நாட்பட்ட நலிவு நோய் முதன்முதலில் 1967இல் கொலராடோவில்தான் அறியப்பட்டது. மனிதருக்குப் பரவியதாக உறுதியான சான்று இல்லை. எனினும் நோய் உறுதியான விலங்கின் கறியை உண்ண வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. இதற்குக் காரணமான புரதம் குக்கரில் எத்தனை விசில் வைத்தாலும் அழியாது. மானின் தலையை வனவிலங்குத் துறையிடம் பரிசோதனைக்குக் கொடுக்கும்படி நண்பரைக் கேட்டுக்கொண்டு, முடிவு வரும்வரை கறியை உறைபெட்டியில் வைத்திருங்கள். முடிவு நல்லதாக வந்த பின், குண்டு துளைத்த இடத்தைச் சுற்றிய கறியைத் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு, மெழுகு போல நாவில் ஒட்டும் கொழுப்பையும் நீக்குங்கள். எஞ்சியது கொழுப்பே இல்லாத கறி; சுக்காவாக வறுத்தால் கட்டையாகிவிடும், தேங்காய் அரைத்த குழம்பில் மெதுவாக வேகவிட்டால் நன்றாக இருக்கும்.