பங்காளிகள் கூடி முடிவு செய்யும் விஷயமல்ல இது

கேள்வி: நான் கோபிசெட்டிபாளையம் பக்கத்து விவசாயி. என் மனைவி இலங்கையின் வன்னியைச் சேர்ந்தவர். 2008-ல், 16 வயதில், விடுதலைப் புலிகள் இயக்கத்தினர் அவரை வீட்டிலிருந்து கட்டாயமாகப் பிடித்துப் போனார்கள். 2010-ல் படகில் தப்பி வந்து, மண்டபம் அகதிகள் முகாமில் பதிவாகி, பவானிசாகர் முகாமில் இருந்தார். எல்லாவற்றையும் என்னிடம் சொன்ன பிறகுதான் 2014-ல் பச்சைமலை முருகன் கோயிலில் தாலி கட்டினேன். பதிவும் செய்தோம். 9 வயதில் மகள் இருக்கிறாள். இப்போது தோட்டத்தில் பாகம் கேட்டதும் அண்ணன், "அருமைக்காரர் வைத்துச் சீர் செய்யாத கல்யாணம் செல்லாது, இயக்கத்தில் இருந்தவளைப் போலீசில் சொல்லி அவள் நாட்டுக்கே அனுப்பிவிடுவேன்" என்கிறார். குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூடும்போது மனைவி நேரில் வந்து நடந்ததைச் சொல்ல வேண்டுமாம். அழைத்துப் போகலாமா?

பதில்: போகவே வேண்டாம். அவர் எங்கே இருந்தார், என்ன பட்டார் என்று விசாரிக்கும் அதிகாரம் பங்காளிகள் யாருக்கும் கிடையாது. ஒன்று கவனித்தேன். இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்கள் மனைவி என்ன விரும்புகிறார் என்று ஒரு வரிகூட இல்லை. முதலில் அதைக் கேளுங்கள்.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. பிரிவினைக் கலவரத்தில் கடத்தப்பட்ட பெண்களை மீட்க 1949-ல் தனிச் சட்டம் போட்டார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் வேறு மதத்தார் வீட்டில் இருந்த பெண்ணை, எந்த வயதானாலும், அவர் சம்மதம் கேட்காமலே போலீஸ் முகாமுக்குக் கொண்டுபோகலாம் என்று இருந்தது. அதற்குள் புருஷன், பிள்ளை என்று வேர் விட்டிருந்தவர்களையும் அப்படியே பெயர்த்து எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றமும் 1952-ல் அது செல்லும் என்றது. 1957-ல் அந்தச் சட்டம் காலாவதியானது. உங்கள் அண்ணன் இன்னும் அந்தக் காலத்திலேயே நிற்கிறார் போல!

கல்யாண விஷயம் சுலபம். அருமைக்காரர் என்ற பெரியவர் கல்யாணத்தில் நடத்தும் சீர் கொங்கு வழக்கம், அழகான வழக்கம். ஆனால் அது இல்லாவிட்டால் திருமணம் செல்லாது என்று சட்டம் சொல்லவில்லை. இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவின்படி, உற்றார் நண்பர் முன்னிலையில் மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்றுத் தாலி கட்டினாலே போதும். கடந்த காலத்தை மறைத்தார் என்று வழக்குப் போடுவதென்றாலும் கணவர்தான் போட முடியும், அண்ணன் அல்ல. உங்களுக்கோ முன்பே தெரியும்.

பாகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கு நீங்கள் பிறந்ததால் வந்தது. யாரைக் கட்டினீர்கள் என்பதால் அது கூடாது, குறையாது. தர மறுத்தால் பாகப்பிரிவினை வழக்குப் போடுங்கள்.

போலீஸ் மிரட்டலைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். இயக்கம் இந்தியாவில் 1992 முதல் தடை செய்யப்பட்டது, அதனால் பயம் நியாயமானதே. ஆனால் 18 வயதுக்குட்பட்டவரை ஆயுதக் குழுக்கள் சேர்க்கவே கூடாது என்கிறது 2000-ம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை. இந்தியா 2005-ல் அதை ஏற்றது. அப்படி இழுத்துப் போகப்பட்ட பிள்ளை உடலும் மனமும் தேறி ஊரோடு சேர உதவ வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. அதாவது, அவர் பாதிக்கப்பட்டவர். ஆனாலும் அண்ணன் புகார் கொடுத்து ஸ்டேஷனில் கூப்பிட்டால் வக்கீல் இல்லாமல் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம். பொய்யும் சொல்ல வேண்டாம்.

நாட்டை விட்டு அனுப்புவதா? 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களிடம் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக நடவடிக்கை எடுப்பதிலிருந்து மத்திய அரசு 2025 செப்டம்பரில் விலக்கு அளித்திருக்கிறது. மண்டபத்தில் கொடுத்த பதிவுச் சீட்டைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். முகாமுக்கு வெளியே இருப்பதால் உள்ளூர் ஸ்டேஷன் பதிவும் நடப்பில் இருக்கட்டும்.

மிரட்டல் தொடர்ந்தால், அண்ணனோடு ஒரே வீட்டில் கூட்டுக் குடும்பமாக வாழ்ந்திருக்கும் பட்சத்தில், குடும்ப வன்முறைச் சட்டப்படி அவர் மீதும் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அதற்கு இந்தியக் குடியுரிமை தேவையில்லை. மனு உங்கள் பெயரில் அல்ல, மனைவி பெயரில். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்த குழந்தையின் தாய் ஆவணமின்றி வந்தவர் என்றால், தந்தை இந்தியராக இருந்தாலும் பிறப்பால் குடியுரிமை கிடைக்காது. மேலே சொன்ன விலக்கு இதை மாற்றவில்லை. மகளின் பாஸ்போர்ட் விண்ணப்பம் இதில்தான் முட்டும். ஆனால் குடியுரிமைச் சட்டம் 5(4)-ன்படி, சிறப்புச் சூழ்நிலையில் 18 வயது ஆகாத யாரையும் மத்திய அரசு குடிமகளாகப் பதிவு செய்யலாம். கலெக்டர் வழியாக இப்போதே விண்ணப்பியுங்கள், வயது கடந்தால் இந்த வழி அடைபடும்.

அப்புறம், பாகம் கிடைத்த சந்தோஷத்தில் மனைவி பெயரில் காடு தோட்டம் வாங்கிவிடாதீர்கள். இலங்கைக் குடியுரிமை உள்ளவர் பெயரில் இங்கே நிலம் வாங்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும்.