வயசுப் பிள்ளையும் துள்ளும் நாயும்: கேட்டதும் சொன்னதும்

நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. என் பிள்ளைகள் இரண்டு பேரும் பதின்ம வயதைத் தாண்டியது வீட்டில் நாயோடுதான். பிள்ளையைப் பற்றியும் நாயைப் பற்றியும் சேர்த்தே கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பல வீடுகளுக்கும் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, என் மகளுக்கு 14 வயசு. எல்லா வேலையும் நானே பார்த்துக்கிறேன்னு சத்தியம் பண்ணித்தான் நாய்க்குட்டி வாங்கினா. மூணு மாசம்கூட ஆகல, இப்ப விடியக்காலையில நடைக்குக் கூட்டிட்டுப் போறது நான்தான். "நீ பார்க்கலைன்னா திருப்பிக் கொடுத்துடுவேன்"னு சொல்லிட்டேன். ரெண்டு நாளா அழுதுட்டு இருக்கா. நான் பண்ணது தப்பா?

பதில்: தப்புதான் தங்கச்சி, ஆனால் திருத்திக்கொள்ளக்கூடிய தப்பு. உங்கள் களைப்பு எனக்குப் புரிகிறது. இன்றைக்கே மகளைக் கூப்பிட்டு, "நாய் நம்ம வீட்டை விட்டு எங்கேயும் போகாது" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சரியாக நடந்துகொள்ளாவிட்டால் வீட்டில் ஓர் உயிரை வெளியே அனுப்பிவிடலாம் என்பதைத்தான் அந்த மிரட்டல் அவளுக்குக் கற்றுக்கொடுக்கும். அது நாயைப் பற்றிய பாடமாக மட்டும் அவள் மனதில் நிற்காது.

அடுத்தது அந்த விடியற்காலை. பதின்ம வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்கும். படுத்தாலும் தூக்கம் வராது, காலையில் எழுப்பினாலும் எழ முடியாது. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. அவள் காலையில் எழாததைச் சோம்பேறித்தனம் என்று எழுதி ஒட்டிவிடாதீர்கள். காலை நடையை நீங்களோ வீட்டில் இன்னொரு பெரியவரோ எடுத்துக்கொள்ளுங்கள். மாலை நடையை முழுக்க அவளிடம் கொடுத்துவிடுங்கள். எந்தப் பக்கம் போவது, எவ்வளவு நேரம், எந்தப் பந்து, எல்லாம் அவள் முடிவு. நடுவில் புகுந்து "இப்படிப் பிடி, அப்படிப் போ" என்று சொல்லாதீர்கள். ஐந்து வேலையைக் கொடுத்து ஐந்துக்கும் நச்சரிப்பதைவிட ஒரு வேலையை நம்பி ஒப்படைத்தால் பிள்ளைகள் பெரும்பாலும் செய்வார்கள்.

தடுப்பூசி, சாப்பாடு, மருத்துவர் ஆகிய மூன்றும் எப்போதும் பெரியவர்கள் பொறுப்பு. ஒரு நாள் பிள்ளை மறந்துவிட்டால் பட்டினி கிடக்கப்போவது நாய். சத்தியம் செய்தது ஒரு குழந்தை. சரி என்று தலையாட்டியது நாம்.

கேள்வி: எங்க நாய்க்கு எட்டு மாசம். "உட்கார்"னா உட்கார்ந்தவன், இப்ப கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை. பையனுக்கு 15, அவனும் அதே கதைதான். ரெண்டு பேரும் பேசிவெச்சுக்கிட்டுச் செய்யற மாதிரி இருக்கு!

பதில்: இருவரும் ஒரே பருவத்தில்தான் இருக்கிறார்கள். நாய்க்கும் விடலைப் பருவம் உண்டு. ஏறத்தாழ ஆறு மாதத்தில் தொடங்கி, பெரிய இனங்களில் ஒன்றரை வயதையும் தாண்டிப் போகலாம். 2020இல் பயாலஜி லெட்டர்ஸ் ஆய்விதழில் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் இதைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஐந்து மாதத்தில் சொன்னதைக் கேட்ட குட்டிகள், எட்டு மாதத்தில் வளர்ப்பவர் "உட்கார்" என்றால் கேட்பது குறைந்தது. அதே கட்டளையை வெளியாள் சொன்னபோது அந்தக் குறைவு இல்லை. பையனின் ஆசிரியர் "உங்க பிள்ளை தங்கமானவன்" என்று சொல்லும்போது நீங்கள் திகைத்து நிற்பீர்களே, அதே சங்கதிதான்.

கற்றது எதுவும் அழிந்துபோகவில்லை. இந்தக் காலத்தில் புது வித்தை கற்றுக்கொடுக்காமல் பழையதையே எளிதாக்கிப் பழக்குங்கள். மூன்று நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை, வெளிச்சத்தம் இல்லாத அறையில். ஒரே கட்டளையைப் பத்துத் தடவை கத்தினால், முதல் ஒன்பதைக் கேட்க வேண்டியதில்லை என்றுதான் நாய் புரிந்துகொள்ளும். திறந்த வெளியில் நீளக் கயிறு கட்டியே விளையாட விடுங்கள். முடிந்தால் இந்தப் பயிற்சியைப் பையன் கையில் கொடுங்கள். சொன்னதைக் கேட்காத ஒருவனிடம் பொறுமையாக இருப்பது எப்படி என்று அவனே கண்டுபிடிக்கட்டும்.

கேள்வி: ஆன்ட்டி, எனக்கு 13 வயசு. ஸ்கூல் விட்டு வந்ததும் எங்க குட்டி என்மேல மட்டும் பாய்ஞ்சு கையைக் கடிக்குது. அப்பா அம்மாவை ஒண்ணும் பண்றதில்லை. அதுக்கு என்னைப் பிடிக்கலையா? அதுக்கு அஞ்சு மாசம் ஆகுது.

பதில்: உன்னைத்தான் கண்ணு அதிகம் பிடிக்கும். வீட்டில் அதன் விளையாட்டுத் தோழன் நீதான். அதோடு அதற்கு இப்போது பால் பற்கள் விழுந்துகொண்டிருக்கின்றன. 28 பால் பற்கள் போய் 42 பற்கள் வர வேண்டும். ஈறு குறுகுறுக்கும்போது எதையாவது கடிக்கத்தான் தோன்றும். அது கடிக்கும்போது நீ கையை உதறிக் கத்தி ஓடுகிறாய் என்று நினைக்கிறேன். குட்டி அதை விளையாட்டுக்கான அழைப்பு என்று எடுத்துக்கொள்ளும்.

நாளையிலிருந்து இப்படிச் செய்து பார். உள்ளே வந்ததும் மரம் மாதிரி நில். கை இரண்டையும் மடக்கிக்கொள், அதன் முகத்தைப் பார்க்காதே, பேசாதே. நாலு காலும் தரையில் பட்ட அந்த நொடியில் குனிந்து கொஞ்சு, கடிப்பதற்கு அதன் பொம்மையைக் கொடு. முதல் இரண்டு மூன்று நாள் முன்னைவிட அதிகமாகத் தாவும். "முன்னாடி இது பலிச்சதே, இப்ப ஏன் பலிக்கல" என்று இன்னும் பலமாக முயன்று பார்க்கிறது. அப்போது விட்டுக்கொடுத்துவிட்டால் பலமாகத் தாவினால்தான் வேலை நடக்கும் என்று கற்றுக்கொள்ளும். உன் அப்பா அம்மாவையும் இதையே செய்யச் சொல்.

கேள்வி: மகன் ரூம்ல எப்பவும் எல்லாம் தரையிலதான் கிடக்கும். நேத்து நாய் ஒரு சாக்ஸை முழுங்கிடுச்சுன்னு சந்தேகம். நல்லாத்தான் ஓடி ஆடிட்டு இருக்கு. வெளியே வந்துடும்னு காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம் சார். இதைப் படித்த கையோடு மருத்துவரை அழையுங்கள். துணி குடலில் சிக்கிக்கொள்ளும் நாய் முதல் நாள் சாதாரணமாகவே இருக்கலாம். வாந்தி, சாப்பாட்டை ஒதுக்குவது, மலம் கழிக்காமை, வயிற்றைத் தொட்டால் சுருங்குவது என்று வந்துவிட்டால் அது அவசர நிலை. வீட்டில் எதையும் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், உள்ளே குடலையே அறுத்துவிடும்.

சாக்ஸைவிட எனக்குப் பயம் பிள்ளைகளின் புத்தகப்பைதான். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கலாம். மனிதருக்கு ஒன்றும் செய்யாது. நாய்க்கோ ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ரத்தச் சர்க்கரையைக் கீழே தள்ளிவிடும். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் என்ற பொருள் நாய்க்கு நஞ்சு; அதை நாயின் உடல் மெதுவாகத்தான் வெளியேற்றும். கறுப்புச் சாக்லேட் இன்னும் ஆபத்து. உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வலி மாத்திரைகளும் பையில் கிடக்கும். "ரூமைச் சுத்தமா வை" என்று ஆயிரம் தடவை சொல்லியும் அசையாத பிள்ளை, "பையை மூடி உயரத்தில் மாட்டு, இல்லாவிட்டால் நாய்க்கு உயிராபத்து" என்றால் செய்வதை என் வீட்டிலேயே பார்த்தேன். அறைக்கதவைச் சாத்தி வைத்தால் அதுவே போதும்.

கேள்வி: கயிறு இழுக்கிற விளையாட்டு விளையாடினா நாய் முரடாகிடும்னு சொல்றாங்களே?

பதில்: ஆகாது. நாய் ஜெயித்தாலும் பரவாயில்லை. "விடு" என்றால் விடப் பழக்குங்கள். பல் தோலில் பட்டால் விளையாட்டு அரை நிமிடம் நிற்கட்டும். அவ்வளவுதான்.

கேள்வி: மகளோட நோட்டைக் கிழிச்சது நாய்தான்னு அவ சொல்றா. நாயும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு குற்றவாளி மாதிரி நிக்குது. நம்பலாமா?

பதில்: நாயின் முகத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அமெரிக்க ஆராய்ச்சியாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்துப் பார்த்தார். தின்னக்கூடாது என்று சொன்ன தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. வளர்ப்பவர் திட்டும்போதுதான் அந்த முகம் வந்தது. ஒன்றும் செய்யாத நாயும் திட்டு வாங்கினால் அப்படியேதான் நின்றது. அது உங்கள் குரலுக்குப் பயந்து நிற்கிறது. மகள் சொல்வதை நம்புங்கள். நோட்டு போனால் போகட்டும்.

கேள்வி: அக்கா, என் பொண்ணுக்கு 16. எங்ககிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசறதில்லை. ஆனா ரூம்ல நாய்கிட்ட மணிக்கணக்கா பேசறா. கதவுகிட்ட நின்னு கேட்டேன், அழுதுட்டு இருந்தா. மனசு தாங்கல.

பதில்: முதலில் ஒன்று, கதவோரம் நின்று கேட்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள் அம்மா. அவளுக்கு அது தெரிந்தால் நாயிடம் பேசுவதையும் நிறுத்திவிடுவாள். அவளுக்கு இப்போது இருக்கும் ஒரே வடிகால் அதுவாக இருக்கலாம்.

நாயிடம் பேசுவதில் கவலைப்பட ஒன்றுமில்லை. நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் இருவர் உடலிலும் ஆக்சிடோசின் கூடுகிறது என்று 2015இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். தாய்க்கும் சேய்க்கும் இடையில் பாசத்தோடு சேர்த்துப் பேசப்படும் அதே சுரப்பு. அதோடு நாய் அறிவுரை சொல்லாது, "அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லாது.

நீங்கள் செய்யக்கூடியது, மாலையில் அவள் நாயோடு கிளம்பும்போது "நானும் வரட்டுமா?" என்று கேட்பது. வேண்டாம் என்றால் சரி என்று சொல்லிவிடுங்கள்; நாலு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். கூட நடக்கும்போது கேள்வி கேட்காதீர்கள், நாயைப் பற்றி மட்டும் பேசுங்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் வாய் திறக்காத பிள்ளைகள், பக்கத்தில் நடக்கும்போது நாயைப் பார்த்துக்கொண்டே ஒன்றிரண்டு வார்த்தை சொல்வார்கள். என் மூத்தவன் அப்படித்தான் பேச ஆரம்பித்தான். அழுகை வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ, சாப்பாடும் தூக்கமும் மாறினாலோ, வாழ்வதில் அர்த்தமில்லை என்பது போல ஒரு சொல் வந்தாலோ நாயை நம்பி விட்டுவிடாதீர்கள். உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கேள்வி: தூங்கிட்டு இருந்த நாயைப் பையன் கட்டிப்பிடிச்சான், உறுமிடுச்சு. உறுமினதுக்கு அடிச்சேன். சரிதானே?

பதில்: சரியில்லை. உறுமல்தான் அதன் எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்தினால் அடுத்த முறை உறுமாமல் நேராகக் கடிக்கும். தூங்கும் நாயைத் தொடாமல் தூரத்திலிருந்து பெயர் சொல்லி எழுப்பப் பையனுக்குச் சொல்லிக்கொடுங்கள். என்றைக்காவது பல் பட்டுவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: பையன் அடுத்த மாசம் ஹாஸ்டலுக்குப் போறான். நாய் அவன் கட்டில்லதான் படுக்கும். அதை எப்படித் தயார்படுத்தறது?

பதில்: இப்போதே தொடங்குங்கள். சாப்பாட்டு நேரத்தையும் நடை நேரத்தையும் இந்த மாதமே உங்கள் கைக்கு மாற்றுங்கள். அவன் போன பிறகும் அந்த நேரங்கள் மாறக்கூடாது. வாரத்தில் இரண்டு இரவு உங்கள் அறையில் படுக்கப் பழக்குங்கள். அவன் கிளம்பும் அன்று, போட்டுக் கழற்றிய பழைய சட்டை ஒன்றைத் துவைக்காமல் அதன் படுக்கையில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். முதல் சில நாள் வாசலில் காத்துக் கிடக்கலாம், சாப்பாடு குறையலாம். இரண்டு நாளுக்கு மேல் சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். பையனுக்கு வாரம் ஒரு தடவை நாயின் படம் அனுப்புங்கள். உங்களோடு பேச நேரமில்லை என்பவன் அதற்குப் பதில் போடுவான்.